தானுந்து முன்மூடிக்கான வளிம ஊன்றுதண்டு

வளிம ஊன்றுதண்டு என்பது உயர் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட வளிமத்தின் விசையைக் கொண்டு ஒரு மூடியையோ கதவையோ உயர்த்தவும், உயர்த்திய நிலையில் தாங்கி நிறுத்தவும் பயன்படும் கருவி ஆகும். தானுந்துகளின் பின்கதவு, பொருட்பெட்டி மூடி, பானெட் எனப் பேச்சு வழக்கில் அழைக்கப்படும் முன்மூடி ஆகியவற்றில் இது பரவலாகப் பயன்படுகின்றது. பணிமனைகளில் இதனைக் கேஸ் ஸ்ட்ரட் என்றும், பின்கதவில் இருந்தால் டிக்கி ஷாக்கர் என்றும் குறிப்பிடுவர். பார்வைக்கு அதிர்வுதாங்கியைப் போன்று தோன்றினாலும் இதன் பணி வேறு. அதிர்வுதாங்கி அசைவைத் தணிக்கின்றது. ஊன்றுதண்டு எடையைச் சுமக்கின்றது.

பல தானுந்துகளில் முன்மூடியைத் தாங்குவதற்கு ஒரு இரும்புக் கம்பி மட்டுமே தரப்படுகின்றது. அதற்குப் பதிலாக வளிம ஊன்றுதண்டுகளைப் பின்னாளில் பொருத்திக் கொள்வது வாகன ஆர்வலர்களிடையே வழக்கமாக உள்ளது. வேலை எளிமையானது போல் தோன்றினாலும், தண்டின் விசையையும் அது பொருத்தப்படும் இடத்தையும் சரியாகத் தேர்ந்தெடுக்காவிடில் முன்மூடி வளையலாம், கீல்கள் தேயலாம், அல்லது குளிர்ந்த காலை ஒன்றில் மூடி பணியாளரின் தலைமீது இறங்கலாம்.

முட்டுக்கம்பி

முன்மூடியைத் தாங்கும் கம்பி முட்டுக்கம்பி எனப்படும். இதன் ஒரு முனை வாகனத்தின் உடற்பகுதியில் சுழலுமாறு பொருத்தப்பட்டிருக்கும். மறுமுனை முன்மூடியின் அடிப்பக்கத்திலுள்ள துளையில் செருகப்படும். விலை மிகக் குறைவு, எடை குறைவு, பழுதாவதற்கு எதுவும் இல்லை என்பன இதன் சிறப்புகள். வெப்பமோ குளிரோ இதன் வலிமையை மாற்றுவதில்லை. ஒரு கையால் மூடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கம்பியைத் தேட வேண்டும் என்பதும், இயந்திரம் சூடாக இருக்கும்போது கம்பியும் சுடும் என்பதும், வேலை செய்யும் இடத்திற்குக் குறுக்கே கம்பி நிற்கும் என்பதும் குறைகள். துளையில் சரியாகச் செருகப்படாத கம்பி காற்று வீசும்போது நழுவி விடுவதும் உண்டு.

பழைய பெரிய தானுந்துகள் பலவற்றில், குறிப்பாக அமெரிக்க வாகனங்களில், கீல்களிலேயே வலுவான சுருள்விற்கள் அமைக்கப்பட்டிருந்தன. இவை எடையை நன்றாகத் தாங்கினாலும் இடத்தை அடைத்துக்கொள்ளும். கழற்றும்போது விரல்களுக்கு ஆபத்தானவை. வளிம ஊன்றுதண்டு இவற்றைவிட எடை குறைந்தது. மேலும், திறக்கும் அசைவின் இறுதியில் மூடியை அதிராமல் நிறுத்துகின்றது. சுருள்வில் தனியாக இதனைச் செய்யாது.

வரலாறு

மாறா வெப்பநிலையில் வளிமத்தின் கன அளவு குறையக் குறைய அழுத்தம் அதே விகிதத்தில் கூடும் என்னும் விதியை இராபர்ட் பாயில் 1662 ஆம் ஆண்டில் வெளியிட்டார். வளிமத்தை வில்லாகப் பயன்படுத்தும் எண்ணம் இவ்விதியிலேயே அடங்கியுள்ளது எனலாம். தானுந்துத் துறையில் இதன் புகழ்பெற்ற பயன்பாடு சித்ரொயென் நிறுவனம் 1955 இல் அறிமுகப்படுத்திய டிஎஸ் வகைத் தானுந்தின் தொங்கல் அமைப்பாகும். அதில் உருக்கு வில்களுக்குப் பதிலாக, கோளங்களில் அடைக்கப்பட்ட நைட்ரசன் வண்டியின் எடையைத் தாங்கியது. மூடிகளைத் தாங்கும் வளிம விற்களைத் தொடர் உற்பத்தியாகத் தயாரிப்பதை செருமனியின் கோப்லென்சு நகரில் 1934 இல் தொடங்கப்பட்ட ஸ்டாபிலஸ் நிறுவனம் 1962 இல் ஆரம்பித்தது. பாயிலின் விதி வெளிவந்து சரியாக 300 ஆண்டுகள் கழிந்திருந்தன. நீண்ட காலம் அழுத்தத்தை இழக்காத முத்திரை வளையங்களும், மிக வழவழப்பாக மெருகிடப்பட்ட தண்டுகளும் இல்லாமல் இக்கருவி நடைமுறைக்கு வந்திருக்க இயலாது.

அமைப்பு

ஊன்றுதண்டின் பகுதிகள் சிலவே. ஒரு முனை மூடிய உருக்கு உருளை, அதனுள் நகரும் பிஸ்டன், பிஸ்டனுடன் இணைந்து உருளையின் மறுமுனை வழியாக வெளிவரும் தண்டு, தண்டு வெளிவரும் இடத்தில் அமைந்த வழிகாட்டியும் இரப்பர் முத்திரை வளையமும், உள்ளே நைட்ரசன், சிறிதளவு எண்ணெய். இரு முனைகளிலும் பந்து மூட்டுகள் இருக்கும். மூடி திறக்கும்போது தண்டு சாயும் கோணம் தொடர்ந்து மாறுவதால் இம்மூட்டுகள் தேவைப்படுகின்றன. பந்து மூட்டின் கிண்ணம், உடற்பகுதியில் திருகப்பட்ட உருண்டைத் தலை ஆணியின் மீது அமர்ந்து, ஒரு கம்பிக் கொக்கியால் பூட்டப்படும்.

நைட்ரசன் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குத் தெளிவான காரணங்கள் உள்ளன. அது எளிதில் வினைபுரியாதது, மலிவானது, ஈரமற்றதாகக் கிடைப்பது. சாதாரணக் காற்றை அடைத்தால் அதிலுள்ள ஈரம் உட்சுவரைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆக்சிசனும் எண்ணெயும் உயர் அழுத்தத்தில் சேர்ந்திருப்பதும் நல்லதன்று.

எண்ணெய்க்கு இரண்டு பணிகள் உண்டு. முத்திரை வளையத்தை ஈரமாக வைத்து உராய்வையும் கசிவையும் குறைப்பது ஒன்று. தண்டு முழுவதும் நீளும் தறுவாயில் பிஸ்டன் எண்ணெய்ப் பகுதிக்குள் நுழைவதால் அசைவு மெதுவாகி நிற்பது மற்றொன்று. இவ்விரண்டும் நடைபெற எண்ணெய் முத்திரை வளையத்தின் பக்கம் தேங்கி நிற்க வேண்டும். அதாவது தண்டு கீழ்நோக்கியும் உருளை மேலேயும் இருக்க வேண்டும். வாகனம் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மூடி மூடப்பட்ட நிலையிலேயே கழிப்பதால், அந்நிலையில் தண்டு முனை தாழ்ந்திருப்பதே முக்கியம். தலைகீழாகப் பொருத்தப்பட்ட ஊன்றுதண்டும் முதல் நாளில் நன்றாகவே வேலை செய்யும். அதனால்தான் இப்பிழை பலரால் கவனிக்கப்படுவதில்லை.

விசை தோன்றும் விதம்

பிஸ்டனில் ஒரு சிறு துளை உள்ளது. ஆகவே வளிமம் அதன் இருபுறமும் சம அழுத்தத்தில் இருக்கும். அப்படியாயின் தண்டை வெளியே தள்ளுவது எது என்ற கேள்வி எழும். பிஸ்டனின் ஒரு முகம் முழுப் பரப்புடன் அழுத்தத்தைப் பெறுகின்றது. மறு முகத்தில் தண்டு இணைந்துள்ள இடத்தின் பரப்பு குறைந்து விடுகின்றது. இவ்விரு பரப்புகளின் வேறுபாடு தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பே ஆகும். எனவே,

விசை = வளிம அழுத்தம் × தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு

உருளையின் விட்டம் இச்சமன்பாட்டில் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. எடுத்துக்காட்டாக, 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டின் பரப்பு 28.3 சதுர மில்லிமீட்டர். இது 150 நியூட்டன் விசை தர வேண்டுமாயின் உள்ளே சுமார் 53 பார் அழுத்தம் தேவை. தானுந்துச் சக்கரத்தின் காற்றழுத்தம் ஏறத்தாழ 2 பார் மட்டுமே என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், இச்சிறு குழாயை ஏன் வெட்டவோ துளையிடவோ கூடாது என்பது விளங்கும்.

தண்டு உள்ளே செல்லும்போது அது வளிமத்தின் இடத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கின்றது. இதனால் அழுத்தமும் விசையும் கூடுகின்றன. உருளையின் உள்விட்டம் 13 மில்லிமீட்டர், வளிமம் நிறைந்த நீளம் 130 மில்லிமீட்டர் எனில் கன அளவு சுமார் 17,250 கன மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் தண்டு 112 மில்லிமீட்டர் உள்ளே சென்றால் சுமார் 3,170 கன மில்லிமீட்டர் குறையும். பாயிலின் விதிப்படி விசை 1.22 மடங்காகும். ஒரு சாதாரண சுருள்வில் இதே தொலைவுக்கு அழுத்தப்பட்டால் விசை பன்மடங்கு கூடியிருக்கும். வளிம வில்லின் விசை அசைவு முழுவதிலும் ஏறக்குறைய சீராக இருப்பதே அதன் பெரிய அனுகூலம்.

வெப்பநிலையும் விசையை மாற்றுகின்றது. அடைபட்ட வளிமத்தின் அழுத்தம் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் அமையும். உருளையின் மேல் அச்சிடப்படும் விசை 20 பாகை செல்சியசில், தண்டு ஏறத்தாழ முழுமையாக நீண்ட நிலையில் அளக்கப்பட்டதாகும். 20 பாகை என்பது 293 கெல்வின் ஆதலால், ஒவ்வொரு பாகை மாற்றத்திற்கும் விசை சுமார் 0.34 விழுக்காடு மாறும். உறைநிலைக்குக் கீழே 20 பாகையில் விசை 14 விழுக்காடு குறைந்திருக்கும். இயந்திர அறை சூடேறி ஊன்றுதண்டு 60 பாகையை எட்டினால் அதே அளவு கூடியிருக்கும். பனிக்காலத்தில் தாங்காத மூடி கோடையில் ஒழுங்காகத் தாங்குவதும், சூடான இயந்திரத்தின் மேல் நிற்கும் மூடி ஆறியபின் தாழ்வதும் இதனாலேயே.

திருப்புத்திறன் கணக்கு

முன்மூடி கீலை அச்சாகக் கொண்டு சுழலும் ஒரு நெம்புகோல். ஆகவே எடை எத்தனை கிலோகிராம், ஊன்றுதண்டு எத்தனை நியூட்டன் என்று மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை. ஒப்பிடப்பட வேண்டியவை திருப்புத்திறன்கள். விசையை, கீலிலிருந்து அவ்விசை செயற்படும் கோட்டிற்கு வரையப்படும் செங்குத்துத் தொலைவால் பெருக்கக் கிடைப்பது திருப்புத்திறன். இத்தொலைவை இங்கு கைநீளம் எனக் குறிப்போம்.

எடையின் திருப்புத்திறன் மூடி கிடையாக இருக்கும்போது மிகுதியாகவும், நிமிர நிமிரக் குறைவாகவும் இருக்கும். ஊன்றுதண்டின் திருப்புத்திறன் இதற்கு நேர்மாறாக, மூடிய நிலையில் மிகக் குறைவாகவும் திறந்த நிலையில் மிகுதியாகவும் இருக்குமாறு அமைக்கப்படுகின்றது. மூடிய நிலையில் எடை வெல்ல வேண்டும். திறந்த நிலையில் தண்டு வெல்ல வேண்டும். இடையில் எங்கோ ஒரு கோணத்தில் இரண்டும் சமமாகும். அக்கோணத்துக்குக் கீழே கையை எடுத்தால் மூடி இறங்கும். மேலே எடுத்தால் தானே ஏறும். நல்ல அமைப்பு என்பது இச்சமநிலைக் கோணத்தைச் சரியான இடத்தில் வைப்பதே ஆகும்.

எடையின் திருப்புத்திறனை அறிய மூடியைக் கழற்ற வேண்டியதில்லை. பயணப்பெட்டிகளை எடைபார்க்கும் கைத்தராசு ஒன்றைப் பூட்டு விடுவிக்கப்பட்ட மூடியின் முன்விளிம்பில் மாட்டி, நேர் மேல்நோக்கி மெல்ல உயர்த்தினால் போதும். காட்டும் கிலோகிராமை 9.81 ஆல் பெருக்கி, விளிம்புக்கும் கீலுக்கும் இடையிலான கிடைத் தொலைவால் பெருக்க வேண்டும்.

14 கிலோகிராம் எடையுள்ள ஒரு முன்மூடியை எடுத்துக்கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் கீலிலிருந்து 48 சென்டிமீட்டர் தொலைவிலும், பிடிக்கும் விளிம்பு 95 சென்டிமீட்டர் தொலைவிலும் உள்ளன. தராசு ஏறத்தாழ 7 கிலோகிராம் காட்டும். மூடிய நிலையில் எடையின் திருப்புத்திறன் 66 நியூட்டன் மீட்டர். 50 பாகை திறந்த நிலையில் அது 42 ஆகக் குறையும்.

ஊன்றுதண்டு இவ்வாறு பொருத்தப்படுகின்றது: மேல் முனை மூடியில், கீலுக்கு 20 சென்டிமீட்டர் முன்னால், கீல் மட்டத்திற்கு 3 சென்டிமீட்டர் கீழே. கீழ் முனை வாகனத்தின் பக்க விளிம்பில், கீலுக்கு 50 சென்டிமீட்டர் முன்னால், 10 சென்டிமீட்டர் கீழே. மூடிய நிலையில் இரு பந்துகளுக்கும் இடைத்தொலைவு 308 மில்லிமீட்டர். 50 பாகை திறந்தால் 420 மில்லிமீட்டர். கைநீளமோ 1.6 சென்டிமீட்டரில் தொடங்கி 19.6 சென்டிமீட்டர் வரை வளர்கின்றது.

திறந்த நிலையில் 42 நியூட்டன் மீட்டரைத் தாங்க, பக்கத்துக்கு ஒன்றாக இரு தண்டுகள் ஒவ்வொன்றும் குறைந்தது 108 நியூட்டன் தர வேண்டும். குளிருக்கும் முதுமைக்கும் இடம்விட்டு 150 நியூட்டன் தண்டுகளைத் தெரிவு செய்தால், திறந்த நிலையில் அவை 59 நியூட்டன் மீட்டர் தரும். 35 பாகையில் தண்டுகள் 55, எடை 54. சமநிலைக் கோணம் இதனை ஒட்டியே அமைகின்றது. 20 பாகையில் தண்டுகள் 42, எடை 62. மூடிய நிலையில் தண்டுகளின் விசை 180 நியூட்டன் வரை கூடியிருந்தும் கைநீளம் மிகக் குறைவாதலால் திருப்புத்திறன் 6 மட்டுமே. மூடி தன் எடையால் நன்றாக அமரும். உறைநிலைக்குக் கீழே 20 பாகையிலும் தண்டுகள் 51 தரும். அதாவது மூடி விழாது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல வளிமம் கசிந்து விசை 28 விழுக்காடு குறைந்து விட்டால், 20 பாகை வெப்பநிலையிலும் மூடி நிற்காது.

கீழ்ப் பந்தின் உயரம் எவ்வளவு நுட்பமானது என்பதையும் இதே எடுத்துக்காட்டில் காணலாம். அதனை 4 சென்டிமீட்டர் மேலே நகர்த்தினால், திறந்த நிலையின் கைநீளம் 19.6 இலிருந்து 19.1 சென்டிமீட்டராக மட்டுமே குறைகின்றது. மூடிய நிலையிலோ தண்டின் கோடு கீலின் மறுபுறத்துக்குத் தாண்டிவிடுகின்றது. அப்போது தண்டு மூடியைத் திறக்க முயல்வதில்லை; கீழ்நோக்கி அழுத்துகின்றது. மூடி அதிராமல் இருக்க இது உதவும். தண்டின் தேவையான நீளம் இதனால் மாறும் என்பதை மறக்கக் கூடாது.

இக்கணக்குகளை முக்கோணவியல் இன்றியும் செய்யலாம். கீலையும் பந்துகளையும் முழு அளவில் ஓர் அட்டையில் குறித்து, மூடிக்குரிய அட்டைத் துண்டைக் கீலில் குண்டூசியால் குத்திச் சுழற்றினால், இடைத்தொலைவையும் கைநீளத்தையும் அளவுகோலாலேயே அளக்கலாம். துளையிட்ட பின்னர் தவறை அறிவதைவிட இது மலிவானது.

விசை மிகுந்தால்

வலுவான தண்டே சிறந்த தண்டு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 150 நியூட்டனுக்குப் பதிலாக 300 நியூட்டன் தண்டுகளைப் பொருத்தினால் என்னவாகும் எனப் பார்க்கலாம். சமநிலைக் கோணம் 35 இலிருந்து சுமார் 14 பாகைக்கு இறங்கி விடும். பூட்டை விடுவித்துச் சற்றுத் தூக்கியதும் மூடி கையைவிட்டு எழும்பும். பார்ப்பவருக்கு இது கவர்ச்சியாகத் தோன்றலாம். மூடும்போதுதான் சிக்கல். 150 நியூட்டன் தண்டுகளுடன் திறந்த மூடியை அசைக்க விளிம்பில் 17 நியூட்டன், அதாவது இரண்டு கிலோகிராமுக்கும் குறைவான அழுத்தம் போதும். 300 நியூட்டன் தண்டுகளுடன் 79 நியூட்டன், ஏறக்குறைய 8 கிலோகிராம் தேவைப்படும்.

இவ்வழுத்தம் முன்விளிம்பில் கீழ்நோக்கிச் செயற்படுகின்றது. தண்டுகளோ கீலுக்கு அருகில் மேல்நோக்கித் தள்ளுகின்றன. இரண்டுக்கும் இடையில் உள்ளது மெல்லிய தகடு. முன்மூடியின் அடியிலுள்ள வலுவூட்டு விலா எலும்பு போன்ற அமைப்பு, முட்டுக்கம்பி தொடும் இடத்தையும் பூட்டையும் கீல்களையும் கருதியே வடிவமைக்கப்பட்டிருக்கும். இடையில் ஒரு புதிய விசை செயற்படும் என அதனை வரைந்தவர் எண்ணியிருக்கவில்லை. நாளடைவில் மூடியின் பின்மூலைகள் மேலெழுந்து, இடைவெளி சீரற்றதாகத் தெரியும். தண்டு கீலை நோக்கிச் சாய்ந்து தள்ளுவதால் கீல் ஆணிகளும் கூடுதல் சுமையைப் பெறுகின்றன. அலுமினிய முன்மூடிகளில் தகடு வளையும் ஆபத்து மேலும் கூடுதல்.

ஆலையிலேயே ஒற்றை ஊன்றுதண்டுடன் வரும் வாகனங்கள் உள்ளன. அவற்றின் மூடி ஒருபக்க விசையைத் தாங்குமாறு அமைந்தது. பின்னாளில் பொருத்தும்போது, ஒரு வலுவான தண்டைவிட இருபுறமும் இரு மெலிந்த தண்டுகள் மூடியை முறுக்காமல் தாங்கும்.

பொருத்தும் முறை

குறிப்பிட்ட வாகனத்துக்கெனத் தயாரிக்கப்பட்ட தொகுதி கிடைக்குமாயின் அதுவே உகந்தது. இத்தகைய தொகுதிகள் பல, கீல்களையும் மட்காடையும் பிடித்துள்ள மரையாணிகளையே பயன்படுத்திக்கொள்வதால் புதிய துளை தேவைப்படாது. துளையிட நேர்ந்தால் அவ்விடத்தின் பூச்சு அகன்று துரு தொடங்கும்; துளை விளிம்பில் துருத்தடுப்புப் பூச்சைப் பூசிய பிறகே ஆணியைப் பொருத்த வேண்டும். உள்தகட்டின் பின்னால் கை நுழையாத இடங்களில் ரிவெட் நட் எனப்படும் மரையுள்ள தறையாணி பயன்படும். மூடியின் மேல்தகட்டைத் துளை முனை தொட்டுவிடாமல் ஆழத்தைக் கட்டுப்படுத்துவது அவசியம்; தொட்டுவிட்டால் அது வெளிப்புறத்தில் புடைப்பாகத் தெரியும்.

வேலைக்கு இருவர் தேவை. முட்டுக்கம்பி இடத்திலேயே இருக்க, முதலில் தாங்குதகடுகளும் உருண்டைத் தலை ஆணிகளும் பொருத்தப்படும். கீல் மரையாணிகளைத் தளர்த்த வேண்டியிருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், கீலைச் சுற்றி முன்னரே கோடு வரைந்து குறித்த பிறகு தளர்த்துவது நல்லது. இல்லையேல் மூடியின் இடம் பெயர்ந்துவிடும். மரையாணிகளை வாகன உற்பத்தியாளரின் கையேட்டில் உள்ள முறுக்களவுக்கு இறுக்க வேண்டும்.

அடுத்து, தண்டுகளை மாட்டும் முன்பே மூடியை மெதுவாக இறக்கி, ஆணித் தலைகளும் தாங்குதகடுகளும் எதிலாவது இடிக்கின்றனவா எனப் பார்க்க வேண்டும். மாவுப்பசை போன்ற மென்மையான பொருளைத் தகட்டின் மேல் வைத்து மூடித் திறந்தால், அது நசுங்கிய அளவிலிருந்து மீதமுள்ள இடைவெளி தெரியும். மூடிய நிலையில் பந்துகளின் இடைத்தொலைவு, தண்டின் மிகக் குறுகிய நீளத்தைவிடச் சில மில்லிமீட்டராவது கூடுதலாக இருப்பதை உறுதி செய்வது மிக முக்கியம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 308 மில்லிமீட்டருக்கு 300 மில்லிமீட்டர் வரை சுருங்கும் தண்டு பொருந்தும். தண்டு முழுவதும் சுருங்கிய பிறகும் மூடி பூட்டை எட்டவில்லையெனில், அறைந்து சாத்தும் ஒரே அடியில் தகடு மடங்கிவிடும். முன்மூடி வளைந்ததற்கான காரணங்களில் மிக எளிதாகத் தவிர்க்கக்கூடியது இதுவே.

பின்னர் ஊன்றுதண்டுகள் நீண்ட நிலையிலேயே, தண்டு முனை கீழாகவும் உருளை மேலாகவும் இருக்குமாறு மாட்டப்படும். கிண்ணத்தைப் பந்தின் மேல் வைத்து அழுத்தினால் சொடுக்கொலியுடன் அமரும். கழற்றும்போது கம்பிக் கொக்கியைச் சிறு திருப்புளியால் சற்றே உயர்த்தினால் போதும். முழுதாக வெளியே இழுத்தால் அது தெறித்துக் காணாமற் போகும். சூடான வெளியேற்றுக் குழாய்க்கு அருகில் தண்டு செல்லாதிருப்பதையும், கம்பிவடங்களையோ குழாய்களையோ உரசாதிருப்பதையும் கவனிக்க வேண்டும்.

முதன்முறை மூடும்போது சாத்தி அறையாமல், இரு கைகளாலும் மெதுவாக இறக்கி, எதிர்ப்புத் தோன்றும் இடத்தில் நிறுத்திப் பார்ப்பது நலம். மூடிய பின் பூட்டு இரு நிலைகளிலும் பிடிக்கின்றதா எனச் சோதிக்க வேண்டும். ஊன்றுதண்டு ஒருபோதும் பூட்டின் பணியைச் செய்யாது. ஓடும் வாகனத்தின் மூடி காற்றால் எழும்பாமல் காப்பது முதன்மைப் பூட்டும், அது தவறினால் பிடிக்கும் இரண்டாம் கொக்கியுமே. மூடிய நிலையிலும் மேல்நோக்கித் தள்ளும் வகையில் அமைந்த தண்டுகள் இக்கொக்கிகளின் சுமையைக் கூட்டுகின்றன.

முட்டுக்கம்பியைக் கழற்றி எறிவது பலரின் முதல் ஆசை. அதனை இடத்திலேயே விட்டுவைப்பதே அறிவுடைமை. பலமான காற்றிலும், நீண்ட நேரம் மூடியின் கீழ் தலையை நுழைத்துச் செய்யும் வேலைகளிலும், தண்டுகள் முதுமையடைந்த பின்பும் அது தேவைப்படும்.

பாதசாரிகளின் பாதுகாப்பு

வாகனம் மோதும் பாதசாரியின் தலை பல வேளைகளில் முன்மூடியின் மீது விழுகின்றது. இதனால் மூடியின் தகடு நசுங்கிக் கொடுக்குமாறும், அதற்குக் கீழே கடினமான பாகங்கள் வரை இடைவெளி இருக்குமாறும் வடிவமைக்கப்படுகின்றது. ஐரோப்பாவில் 1997 இல் தொடங்கிய யூரோ என்கேப் சோதனைகள் பாதசாரிப் பாதுகாப்பையும் மதிப்பிட்டு வருகின்றன. மூடியின் நடுப்பகுதிக்குக் கீழே தடித்த தாங்குதகடு ஒன்றைத் திருகுவது இந்த இடைவெளியில் ஒரு கடினப் புள்ளியை உருவாக்குவதாகும். ஊன்றுதண்டுகளைப் பக்க விளிம்புகளிலும் கீலுக்கு அருகிலும் அமைப்பது இக்காரணத்தாலும் விரும்பத்தக்கது. மோதலின்போது மூடியின் பின்பகுதியைத் தானே உயர்த்தும் அமைப்புள்ள வாகனங்களில், உற்பத்தியாளர் அனுமதிக்காத எந்தத் தண்டையும் பொருத்தக் கூடாது. அது உயர்த்தும் அசைவுக்குத் தடையாகலாம்.

பராமரிப்பும் முதுமையும்

ஊன்றுதண்டுக்கு எண்ணெயோ கிரீசோ இட வேண்டியதில்லை. மெருகிடப்பட்ட தண்டின் மேல் ஒட்டும் மசகுப்பொருள் தூசியைச் சேர்த்து முத்திரை வளையத்தைத் தேய்க்கும். தண்டைக் குறடால் பிடிப்பது, அதன்மேல் வண்ணம் தெளிப்பது, கல்லுப்பு நீர் காய விடுவது ஆகியவை அதன் ஆயுளைக் குறைக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல்கூட ஒவ்வொரு அசைவிலும் முத்திரை வளையத்தை அறுக்கும்.

தண்டின் மேல் எண்ணெய்ப் பிசுபிசுப்பு தெரிவது முத்திரை வளையம் பழுதானதன் அடையாளம். மூடி வழக்கமான உயரத்தை எட்டாமல் நிற்பது, குளிர்ந்த காலையில் மெல்லத் தாழ்வது, கடைசித் தூரத்தில் தணிப்பின்றி மோதி நிற்பது ஆகியவையும் முதுமைக் குறிகள். பொதுவாகக் கிடைக்கும் ஊன்றுதண்டுகளில் வளிமத்தை மீண்டும் நிரப்ப இயலாது; மாற்றியாக வேண்டும். ஒன்று தளர்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுவர். ஒருபுறம் புதிய தண்டும் மறுபுறம் பழையதும் இருந்தால் மூடி ஒவ்வொரு முறையும் முறுக்கப்படும்.

வாகனம் தீப்பற்றினால் ஊன்றுதண்டினுள் அழுத்தம் விரைவாக உயர்கின்றது, உருக்கும் வலிமையிழக்கின்றது. உருளை வெடித்துத் தண்டு அம்புபோலப் பாய்ந்து செல்லலாம். எரியும் வாகனத்தை நேர் முன்புறமாகவோ நேர் பின்புறமாகவோ அணுகாமல் சாய்வாக அணுகுமாறு தீயணைப்பு வீரர்களுக்குப் பயிற்சியளிக்கப்படுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. பழைய ஊன்றுதண்டுகளை நெருப்பில் இடுவதோ, பற்றவைப்புக் கருவியால் வெட்டுவதோ, பொதுக் குப்பையில் எறிவதோ கூடாது. விசை முற்றிலும் இழந்தது போல் தோன்றும் தண்டிலும் பல பார் அழுத்தம் எஞ்சியிருக்கும். உற்பத்தியாளர்கள் தம் தண்டுகளை எந்த இடத்தில், எவ்வாறு துளையிட்டு வளிமத்தை வெளியேற்றுவது என்பதைக் குறிப்பிடுகின்றனர். அவ்வேலை உரிய காப்புகளுடன் உள்ள பழைய இரும்புப் பிரிப்பகத்தில் செய்யப்பட வேண்டியது. வளிமம் வெளியேறிய பின் உருக்கு மறுசுழற்சிக்கும், எஞ்சிய எண்ணெய் கழிவெண்ணெய்ச் சேகரிப்புக்கும் செல்லும்.